ஜோடி என்று சொல்லிக் கொடுத்த கேனரி: பாட்டுப் பறவை வாங்கப் போகிறவர்களுக்கு

பாட்டு கேட்க ஆசைப்பட்டுக் கேனரி வாங்கி, ஆணும் பெண்ணும் என்று சொல்லிக் கொடுத்ததை நம்பி, ஒரு வருஷத்துக்கு மேல் அல்லாடியவள் நான். கையை விட்டுப் போனது 20,000 ரூபாய்க்கு மேல். பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். பறவை வளர்த்துப் பழகியவர்களுக்கு இதெல்லாம் அத்துபடி. ஆனால் புதிதாக வாங்க வருகிற ஆளை உட்காரவைத்து எடுத்துச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். பகல் முழுக்கத் தனியாகத்தான் இருப்பேன். பெங்களூரில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு கேனரி இருந்தது. தொண்டையை உப்பவைத்து, மூச்சே விடாததுபோல் அது இழுத்துப் பாடுவதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கும் ஒன்று வேண்டும் என்று ஆகிவிட்டது. பல மாதம் பணம் சேர்த்து, செப்டம்பரில் வெளியூரில் வீட்டிலேயே வைத்து விற்கும் ஒருவரிடம் போனேன். “பாடுற ஆண் ஒண்ணு, அதுக்குப் பெட்டை ஒண்ணு” என்று போனிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தேன். “கியாரண்டி ஜோடிக்கா, போன சீசன்ல குஞ்சு எடுத்தது” என்றார். ஜோடி 8,000 ரூபாய். கூண்டு, கூடு கட்டும் கிண்ணம், தீனி எல்லாம் சேர்ந்து இன்னொரு 5,000.

அவர் வீட்டு மாடியில் ஓர் அறை முழுக்கக் கூண்டுகள். உள்ளே போனாலே நாலு பக்கமும் பாட்டு. அதில் ஒரு கூண்டைக் காட்டி, “இந்தா பாடுது பாருங்க” என்றார். செம்மஞ்சள் நிறத்தில் ஒன்று, வெளிர்மஞ்சளில் ஒன்று. இங்கேதான் முதல் விஷயம் இருக்கிறது. நிறையப் பறவைகள் இருக்கும் அறையில் எது பாடுகிறது என்று காதால் சொல்ல முடியாது. கேனரி பாடும்போது அலகு லேசாகத்தான் திறக்கும், சில வகை அலகைத் திறக்காமலே பாடும். பார்க்க வேண்டியது தொண்டையை. ஆண் முழுப்பாட்டு பாடினால் தொண்டை இறகுகள் சிலிர்த்து, உப்பி, அதிரும். வாங்கப் போகிற பறவையைத் தனிக் கூண்டில் போட்டு வேறு அறைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். இடம் மாறிய பதற்றத்தில் அது பாடாமல் இருக்கலாம், அதில் தப்பில்லை. அப்படியானால் அதே பறவை, காலில் உள்ள வளையம் தெரியும்படி, தனியாக நின்று பாடும் வீடியோவைக் கேளுங்கள். வளையம் தெரியாத வீடியோ எந்தப் பறவையுடையதாகவும் இருக்கலாம்.

எது ஆண் என்று கேட்டேன். “பளிச்சுன்னு இருக்கே, அதுதான்” என்றார். அந்தப் பதில் எனக்கு ரொம்ப இயல்பாகப் பட்டது. நம் ஊர்ப் பறவைகளைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் அப்படித்தான் படும். சிட்டுக்குருவியில் ஆணுக்குத் தொண்டையில் கறுப்புப் பட்டை, பெட்டை வெறும் பழுப்பு. ஊதாத் தேன்சிட்டில் ஆண் வெயிலில் மின்னும், பெட்டை மேலே மங்கல், கீழே மஞ்சள். இப்படிப் பார்த்துப் பார்த்து, பளிச்சென்று இருப்பது ஆண் என்று மனசில் பதிந்துவிடுகிறது. ஆனால் மைனாவைப் பாருங்கள், சின்னானைப் பாருங்கள், ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதான். கேனரியும் பெரும்பாலும் அந்தக் கூட்டம். செம்மஞ்சள் கேனரியின் சிவப்பு வெனிசுவேலாப் பக்கத்துச் சிவப்புச் சிஸ்கின் என்ற சிறு பறவையோடு கலப்பு செய்து வந்தது. அந்தச் சிவப்பு நன்றாக ஏறுவதற்கு, இறகு முளைக்கும் காலத்தில் கான்தாசாந்தின் என்ற நிறமியைத் தீனியில் கலந்து கொடுக்கிறார்கள். ஆணுக்குக் கொடுத்தாலும் ஏறும், பெட்டைக்குக் கொடுத்தாலும் ஏறும். என்னிடம் வந்த செம்மஞ்சள் பறவைக்கு அடுத்த சில வாரத்தில் முளைத்த புது இறகெல்லாம் வெளுத்தே வந்தது. நிறம் தீனியிலிருந்து வந்தது என்று அப்போதே எனக்கு யாராவது சொல்லியிருந்தால் பின்னால் நடந்த பாதி நடந்திருக்காது.

நிறத்தை வைத்து ஆண், பெண் சொல்லக்கூடிய கேனரி வகை ஒன்று இருக்கிறது, மொசைக். அதில் ஆணுக்கு முகத்தில் முகமூடி போட்டதுபோல் நிறம் இருக்கும். பெட்டைக்குக் கண்ணையொட்டி மெல்லிய கோடு மட்டும். இது ஏன் என்று 2020ல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பிசிஓ2 என்ற மரபணு, நிறம் தரும் கரோட்டினாய்டைச் சிதைக்கும் நொதியை உண்டாக்குகிறது. மொசைக் கேனரியில் அது பெட்டையின் இறகு முளைக்கும் இடத்தில் கூடுதலாக வேலை செய்வதால், வந்த நிறம் அங்கேயே கரைந்துபோகிறது. மொசைக் வாங்குகிறவர்கள் முகத்தைப் பார்த்து ஓரளவு நம்பலாம். சாதா மஞ்சள், வெள்ளை, செம்மஞ்சள் கேனரியில் நிறத்தைச் சொல்லி விற்பவரிடம் வேறு அத்தாட்சி கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பாட்டு இல்லை. விற்றவரைக் கேட்டால், முதலில் “புது இடம், பழகட்டும்” என்றார். நியாயம்தான். அப்புறம் “இறகு உதிர்ற நேரம்க்கா, அது முடிஞ்சாத்தான் பாடும்” என்றார். அதுவும் உண்மைதான், அதனால்தான் நான் நம்பினேன். கேனரி ஆண் வருஷம் முழுக்கப் பாடுவதில்லை. இனப்பெருக்கக் காலம் முடிந்து பழைய இறகு கொட்டும்போது பாட்டு நின்றுவிடும், அல்லது அரைகுறையாக முனகும். அதன் மூளையே அப்போது மாறுகிறது. நியூயார்க்கில் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் பெர்னாண்டோ நாட்டபாம் 1981ல் வெளியிட்ட ஆய்வில், ஆண் கேனரியின் மூளையில் பாட்டை நடத்தும் எச்விசி என்ற பகுதி, இலையுதிர் காலத்தில் இருப்பதைவிட வசந்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. அவரும் ஆர்தர் ஆர்னால்டும் 1976லேயே, ஆண், பெண் கேனரிகளின் மூளையில் இந்தப் பாட்டுப் பகுதிகளின் அளவு வெறும் கண்ணால் வேறுபடுத்தும் அளவுக்கு வித்தியாசப்படுகிறது என்று காட்டியிருந்தார்கள். ஆக, ஊமையாக இருக்கும் பறவை ஓய்வில் இருக்கும் ஆணாகவும் இருக்கலாம், பெட்டையாகவும் இருக்கலாம். விற்பவருக்கு இந்தச் சில மாதம் ரொம்ப வசதியான காலம்.

தீபாவளி போய் மழையும் ஓய்ந்து குளிர் வந்தது. இறகெல்லாம் பளபளவென்று முளைத்துவிட்டது. அப்போதும் “சிப் சிப்” என்ற ஒற்றைக் குரல்தான். காலையில் காப்பியோடு கூண்டுப் பக்கம் போய் உட்காருவேன். ஒரு நாள் செம்மஞ்சள் பறவை ஏதோ கரகரவென்று இழுத்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. உடனே போனில் பதிவு செய்து அனுப்பினேன். “பாத்தீங்களாக்கா, நான் சொன்னேன்ல” என்று பதில் வந்தது. அதைக் கேட்டு அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

பெட்டைக் கேனரியும் பாடும் என்று எனக்கு அப்போது தெரியாது. எல்லாப் பெட்டையும் பாடாது. சில பாடும், வயதான பெட்டைகள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. ஆனால் அந்தப் பாட்டு சின்னது, உடைந்து உடைந்து வரும், ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்லி நின்றுவிடும். ஆணின் பாட்டில் ஒரு சொல்லைப் பத்து இருபது தடவை வேகமாக உருட்டி, மூச்சு முறியாமல் அடுத்த சொல்லுக்குத் தாவும், அப்படியே பல நொடி ஓடும். பருவத்தில் ஒரு நாளில் எத்தனை தடவை என்று எண்ணவே முடியாது. அதனால் “பாடியது” என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். எவ்வளவு நேரம், எத்தனை விதமான உருட்டல், தினமும் வருகிறதா என்று பாருங்கள். குஞ்சுப் பருவத்தில் இன்னும் குழப்பம். இளம் ஆண் முதலில் முனகலாகத்தான் ஆரம்பிக்கும், முழுப்பாட்டு படிய ஏழெட்டு மாதம் ஆகலாம். இளம் பெட்டையும் அதேபோல் கொஞ்சம் முனகும். மூன்று மாதக் குஞ்சைக் காட்டி “இது பாடுது, ஆண்தான்” என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஹார்மோன் விஷயமும் ஒன்று உண்டு. ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் பெட்டைக் கேனரி பாடும் என்பதை 1939லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மருந்தின் வேகம் தீர்ந்தால் பாட்டும் போய்விடும்.

ஆண்தானா என்று பார்க்க வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல வழி, பருவ காலத்தில் இரண்டையும் பிரித்து, ஒன்றை ஒன்று பார்க்க முடியாத இடத்தில் வைப்பது. ஆணாக இருந்தால் துணையைத் தேடிப் பெரும்பாலும் சில நாளிலேயே பாட ஆரம்பித்துவிடும். ஜோடியைப் பிரிப்பது பாவம் என்று நான் நினைத்திருந்தேன், விற்றவரும் “பிரிக்காதீங்க, ஏங்கிப் போயிடும்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் பிரித்து வைத்தால் கேனரி ஏங்கிச் சாகாது. வளர்க்கிறவர்கள் பருவம் தவிர்த்த மாதங்களில் ஆணையும் பெட்டையையும் தனித்தனியாகத்தான் வைக்கிறார்கள்.

ஜனவரியில் கிண்ணத்தில் பஞ்சும் நாரும் சேர ஆரம்பித்தது. முட்டையும் வந்தது. கேனரி பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து முட்டை விடும், ஒரு நாளைக்கு ஒன்று, விடியற்காலையில். என் கூட்டில் ஒரே காலையில் இரண்டு புது முட்டை கிடந்தது. மொத்தம் ஏழு சேர்ந்தது. கேட்டால், “சில பெட்டை நிறைய விடும்க்கா, ராசி” என்றார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அடைகாத்தன. என்ன பாசம் என்று நான் அதைப் படம் எடுத்து அக்கா தங்கைகளுக்கெல்லாம் அனுப்பினேன். கேனரியில் அடைகாப்பது பெட்டை மட்டும்தான். ஆண் வெளியே இருந்து அதற்குத் தீனி ஊட்டும், பாடும், கூட்டைச் சுற்றிக் காவல் இருக்கும். இரண்டும் மணிக்கணக்கில் சேர்ந்து உட்கார்ந்தாலும், முட்டை ஆறைத் தாண்டினாலும், ஒரே நாளில் இரண்டு வந்தாலும், உங்கள் கூண்டில் இருப்பது இரண்டு பெட்டை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பதினாலு நாளில் பொரிந்திருக்க வேண்டும். பொரியவில்லை. எல்லாம் கூமுட்டை. அடை உட்கார்ந்த ஆறாவது ஏழாவது நாளிலேயே இருட்டறையில் செல்போன் விளக்கை முட்டைக்கு அடியில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கருக் கட்டியிருந்தால் சிவப்பு நரம்புகள் சிலந்தி வலைபோல் பரவியிருக்கும், கூமுட்டை மஞ்சளாகத் தெளிவாக இருக்கும். நான் பொரியும் பொரியும் என்று மூன்று வாரம் காத்திருந்தேன். அப்புறம் முட்டைகளை எடுத்துப் போட்டதும், விற்றவர் சொன்னபடி மறுபடியும் கூடு வைத்தேன். “முதல் ஈட்டுல அப்படித்தான் ஆகும்” என்றார். இரண்டும் மறுபடி முட்டை விட ஆரம்பித்தன.

பிப்ரவரி கடைசியில் ஒரு காலை, செம்மஞ்சள் பறவை கூண்டின் தரையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. வால் மேலும் கீழும் ஆடியது. வயிறு வீங்கியிருந்தது. ஆணுக்கு ஏன் வயிறு வீங்குகிறது என்று புரியாமல், ஆட்டோ பிடித்து ஓடினேன். போன இடத்தில் டாக்டர் நாய், பூனை பார்க்கிறவர். அன்பாகத்தான் பார்த்தார். கையில் எடுத்துத் தடவிப் பார்த்ததுமே, “முட்டை மாட்டிக்கிட்டிருக்கும்மா” என்றார். நான் “இது ஆண் சார்” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கால்சியம் ஊசி போட்டு, சூடு காட்டச் சொல்லி அனுப்பினார். அன்றிரவே அது போய்விட்டது. ரொம்ப நேரம் ஆகியிருந்தது, இரவிலேயே மாட்டியிருக்க வேண்டும். அதைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு நான் அழுத அழுகை கொஞ்சநஞ்சமில்லை. மூன்று மாதம் அது பாடும் பாடும் என்று காத்திருந்து, அது பாடவில்லையே என்று அதன்மேல் சில நாள் கோபம்கூடப் பட்டிருக்கிறேன். அது பெட்டை என்று தெரிந்திருந்தால் சுண்ணாம்புச் சத்து கொடுத்திருப்பேன். இரண்டாம் ஈடு விடவே விட்டிருக்க மாட்டேன்.

பெட்டை இருக்கும் கூண்டில் கடல்நுரை, அதாவது கணவாய் மீனின் ஓடு, எப்போதும் தொங்க வேண்டும். முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்துக் காயவைத்துப் பொடித்தும் வைக்கலாம். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பறவைக்கு வெயில் படாது, வெயில் படாவிட்டால் டி3 வைட்டமின் குறைந்து, தின்ற சுண்ணாம்பு உடம்பில் ஒட்டாது. அதனால் காலை இளவெயிலில் பாதி நிழல் இருக்கும்படி கூண்டைக் கொஞ்ச நேரம் வையுங்கள். முட்டை மாட்டிக்கொண்டதாகச் சந்தேகம் வந்தால் கூண்டின் ஒரு பக்கம் மட்டும் துணி போர்த்தி, அந்தப் பக்கம் பழைய குண்டு பல்பைப் போட்டு முப்பது டிகிரி அளவுக்குச் சூடு வையுங்கள். ஈரப்பதத்துக்குப் பக்கத்தில் வெந்நீர்ப் பாத்திரம். வயிற்றை அமுக்கி முட்டையை எடுக்கப் பார்க்கவே கூடாது, உள்ளே உடைந்தால் அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் மேல், பறவை பார்க்கத் தெரிந்த டாக்டர் உங்கள் ஊரில், பக்கத்து ஊரில் யார் என்று பறவை வாங்குவதற்கு முன்னால் விசாரித்து நம்பரை வைத்துக்கொள்ளுங்கள்.

விற்றவரிடம் சொன்னேன். “அப்போ மஞ்சள்தான் ஆண்க்கா, நான் மாத்திச் சொல்லிட்டேன்” என்றார். இதற்குள் தென்காசிப் பக்கம் பல வருஷமாகக் கேனரி வளர்க்கும் ஓர் அண்ணாச்சியின் அறிமுகம் கிடைத்திருந்தது. மஞ்சளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் பறவையை மல்லாத்திப் பிடித்து, வயிற்றின் அடியில் ஊதி, இறகை விலக்கிக் காட்டினார். பருவத்தில் இருக்கும் ஆணுக்கு எச்சம் போகும் துவாரம் சின்னக் கூம்புபோல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டைக்கு வயிற்றோடு வயிறாகத் தட்டையாக, உருண்டையாக இருக்கும். “இதுவும் பெட்டைதாம்மா. ஆனா என் வாயை நம்ப வேண்டாம், டிஎன்ஏ போட்டுருங்க. சீசன் இல்லாத நேரத்துல ஊதிப் பாத்து எனக்கே தப்பியிருக்கு” என்றார். அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பெரிதாகப் பட்டது.

டிஎன்ஏ பரிசோதனை ஏதோ பெரிய விஷயம் என்று பயந்திருந்தேன். கூரியரில் அனுப்பினால் போதும். பறவைகளில் பெட்டைக்கு இசட், டபிள்யூ என்று இரண்டு விதமான குரோமோசோம், ஆணுக்கு இரண்டுமே இசட். நமக்கு அப்படியே தலைகீழ். சிஎச்டி என்ற மரபணு இந்த இரண்டு குரோமோசோமிலும் உண்டு, ஆனால் ஒன்றில் கொஞ்சம் நீளம், ஒன்றில் குட்டை. ஆய்வில் இரண்டு கோடு வந்தால் பெட்டை, ஒரு கோடு வந்தால் ஆண். ரிச்சர்ட் கிரிபித்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 1998ல் வெளியிட்ட இந்த முறைதான் பெரும்பாலான பறவைகளுக்கு இன்றும் அடிப்படை. நெஞ்சுப் பக்கம் நாலைந்து சின்ன இறகை வேரோடு பிடுங்கிக் காகித உறையில் போட வேண்டும். கூண்டில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கி அனுப்பாதீர்கள், அது எந்தப் பறவையுடையது என்றே தெரியாது. ஒரு பறவைக்கும் அடுத்ததற்கும் நடுவில் கை கழுவுங்கள், உறைமேல் வளைய எண்ணை எழுதுங்கள். புதைக்கும் முன் செம்மஞ்சளின் இறகும் சில எடுத்து வைத்திருந்தேன், இரண்டையும் அனுப்பினேன். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. இரண்டும் பெட்டை. இந்தச் செலவு 1,600 ரூபாய். இதை செப்டம்பரில் செய்திருந்தால் மீதி எல்லாம் மிஞ்சியிருக்கும், அந்தப் பறவையும் இருந்திருக்கும்.

முடிவை அனுப்பினேன். பணம் திரும்பாது, மஞ்சளைக் கொண்டுவந்தால் வேறு மாற்றித் தருவதாகச் சொன்னார். மாற்ற எனக்கு மனம் வரவில்லை. பேச்சு அங்கேயே நின்றது, என் நம்பரையும் தடுத்துவிட்டார். நீங்கள் வாங்கும்போது பேச்சில் சொல்வதையெல்லாம் வாட்சப்பில் எழுத்தாக வாங்குங்கள்: வளைய எண், ஆண் எது, டிஎன்ஏவில் வேறாக வந்தால் எத்தனை நாளுக்குள் பணம் திரும்பும், பரிசோதனைச் செலவு யாருடையது. இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்காமல் திரும்பி வாருங்கள். டிஎன்ஏ அட்டை இருக்கிறது என்று நீட்டினால், அட்டையில் உள்ள எண்ணும் காலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வளையமும் குஞ்சிலேயே போட்ட மூடிய வளையமாக இருக்க வேண்டும். பின்னால் மாட்டிய பிளாஸ்டிக் வளையத்தை எந்தக் காலுக்கும் மாற்றலாம்.

அடுத்த ஆகஸ்டில் அண்ணாச்சியிடமே அட்டையோடு ஓர் ஆண் வாங்கினேன், 4,000 ரூபாய். இறகு கொட்டிக்கொண்டு, பாட்டே இல்லாமல், பார்க்கச் சோகையாக இருந்தது. ஆனால் இந்தத் தடவை அது எதற்கு ஊமையாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு மாதம் தனி அறையில் வைத்துக் கவனித்தேன், புதுப் பறவை எதற்கும் இது அவசியம். மூச்சில் “டிக் டிக்” சத்தம் வருகிறதா என்று இரவில் காது வைத்துக் கேளுங்கள், கேனரிக்கு மூச்சுக்குழாயில் செள் பிடிக்கும், பழைய பறவைக்கும் ஒட்டும். சாயங்காலம் ஆனதும் கூண்டு இருக்கும் அறை விளக்கை அணைக்க ஆரம்பித்தேன். போன வருஷம் ராத்திரி பதினொன்று வரை அதே அறையில் டியூப் லைட் எரிந்தது. கேனரியின் உடம்பு பகல் நீளத்தைப் பார்த்துத்தான் பருவம் எது என்று முடிவு செய்கிறது. ராத்திரியும் வெளிச்சம் இருந்தால் இறகு உதிர்வதும் முட்டை விடுவதும் தாறுமாறாகிவிடும். நவம்பரில் அது பாட ஆரம்பித்தது. முதல் வாரம் தயங்கித் தயங்கி, அப்புறம் காலை முழுக்க. நான் பெங்களூரில் கேட்டதைவிட நன்றாகவே பாடுகிறது. ஜனவரியில் மஞ்சளோடு சேர்த்ததில் மூன்று குஞ்சு வந்தது.

மற்ற பறவைகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஜீப்ரா பிஞ்ச் சுலபம்: ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சு, விலாவில் வெள்ளைப் புள்ளி, நெஞ்சில் வரி. ஆனால் அலகு இன்னும் கறுப்பாக இருக்கும் குஞ்சில் இது எதுவும் தெரியாது. முழு வெள்ளை ஜீப்ராவில் அலகின் சிவப்பு ஒன்றுதான் துப்பு. எந்த நிற ஜீப்ராவிலும் பெட்டை பாடவே பாடாது. பெங்காலீஸ் பிஞ்சில் நிறம் எந்த உதவியும் செய்யாது. பாடி, உடம்பைச் சிலிர்த்துத் துள்ளினால் ஆண். ஜாவாக் குருவியும் அப்படித்தான். அது சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், வைத்திருப்பவர்கள் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும். சிவப்புச் சில்லை, புள்ளிச் சில்லை, மைனா மாதிரி நம் நாட்டுப் பறவைகளை யார் என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். சில்லைகளைப் பிடித்துச் சாயம் பூசி வெளிநாட்டுப் பறவை என்று விற்பதும் நடக்கிறது.

இந்த அலைச்சலில் எனக்கு மாறிப்போன எண்ணம் ஒன்று உண்டு. பாடாத பெட்டையை “வேஸ்ட்” என்று தள்ளிவிடுகிற பேச்சைச் சந்தையில் நிறையக் கேட்டேன். பாட்டு ஆணின் சொத்து என்பது, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருக்கும் பறவைகளையே அதிகம் பார்த்ததால் வந்த எண்ணம். 2014ல் கேரன் ஓடமும் மற்றவர்களும் உலகம் முழுக்க 323 பாட்டுப் பறவை இனங்களின் விவரத்தைத் திரட்டிப் பார்த்ததில், 71 சதவீதத்தில் பெட்டையும் பாடுகிறது. ஆதிப் பாட்டுப் பறவைகளில் இரண்டும் பாடியிருக்க வேண்டும், பின்னால் சில கிளைகளில் பெட்டை பாடுவதை விட்டிருக்கிறது என்பது அவர்கள் முடிவு. எங்கள் தெருவில் குண்டுக்கரிச்சான் உண்டு. ஆண் கறுப்பு வெள்ளை, பெட்டை சாம்பல். பெட்டையும் ஆணின் அருகில் சுருக்கமாகப் பாடும். பெட்டைக் கேனரியின் மூளையும் சும்மா இல்லை. வளர்ந்த பறவையின் மூளையில் புது நரம்புச் செல்கள் பிறக்கின்றன என்று 1983ல் கோல்ட்மனும் நாட்டபாமும் கண்டது பெட்டைக் கேனரியில்தான். மஞ்சள் இப்போதும் எப்போதாவது ஒரு சின்ன இழுப்பு இழுக்கும். எனக்கு அது பிடிக்கும்.

உங்களிடம் ஏற்கெனவே இரண்டு பெட்டை வந்து சேர்ந்திருந்தால் பதற வேண்டாம். கூடு கட்டும் கிண்ணத்தையும் பஞ்சையும் எடுத்துவிடுங்கள், முட்டை விடும் வேகம் குறையும். ஏற்கெனவே விட்டிருந்தால் முட்டைகளை உடனே எடுத்துப் போடாதீர்கள், எடுத்தால் ஈடுகட்ட மறுபடி விடும், உடம்பு தேய்ந்துபோகும். அதே முட்டைகளையோ பிளாஸ்டிக் முட்டைகளையோ இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே விடுங்கள், பொரியாததைப் பார்த்துத் தானாகவே எழுந்துவிடும். அப்புறம் கிண்ணத்தை எடுத்துவிடலாம். சண்டை வந்தால் மட்டும் நடுவில் தடுப்பு போடுங்கள். வருஷத்துக்கு இரண்டு ஈட்டுக்கு மேல் விடாதீர்கள், கடல்நுரை தீர்ந்ததும் அன்றைக்கே புதுசு மாட்டுங்கள்.